கதவோரத்தில் நிற்பது நான்

முனீஸ்வரிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்களிடமிருந்து ‘ச்சு ச்சு’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் போடுகிறவர்கள் அவளோடு ஒரே ஒரு நாள் வேலை பார்க்கட்டும், அப்புறம் யார் பாவம் என்று சொல்லட்டும். நான் ஜெபஷீலா, அவளுக்குப் பக்கத்து நாற்காலி. பாவப்படுவதாக இருந்தால் என்னைப் பார்த்துப் பாவப்படுங்கள்.

தேனியில் பெரியகுளம் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வெளியூர்க் கம்பெனிகள் தங்கள் வெப்சைட்டை எங்களிடம் அனுப்புவார்கள். கண் தெரியாதவர்கள், காது கேட்காதவர்கள், விரல் சொன்னபடி கேட்காதவர்கள் எல்லாரும் அதில் புழங்க முடிகிறதா என்று பார்த்து, முடியாத இடங்களைச் சரிசெய்து கொடுப்பது எங்கள் வேலை. முதலாளி சுந்தர்ராஜ் பெங்களூரில் இதே வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊர் திரும்பியவர். முனீஸ்வரி அவர் பிடித்து வந்த முதல் ஆள்.

அவள் கம்ப்யூட்டர் திரையை அணைத்துத்தான் வைத்திருப்பாள். எனக்கெதுக்கு அது, கரண்டுக்குத் தண்டம் என்பாள். கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டுவாள், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரின் பெண் குரல் உள்ளேயிருந்து பேசும். அவள் வைத்திருக்கிற வேகத்தில் அது நமக்குப் பேச்சாகவே கேட்காது. அவளுக்கு எழுத்தெழுத்தாக விளங்கும். ஒரு வெப்சைட்டில் பட்டனுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருந்தால், “கதவப் பூட்டிட்டு வாங்க வாங்கங்கறாக பாருங்க” என்று என் பக்கம் திரும்பிச் சிரிப்பாள்.

படங்களுக்கு ஒரு சங்கதி உண்டு. வெப்சைட்டில் ஒரு படம் போட்டால், அதில் என்ன இருக்கிறது என்று பின்னால் ஒரு வரி எழுத வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு ஆல்ட் என்று பெயர். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் வாசித்துச் சொல்லும். முக்கால்வாசிப் பேர் எழுதவே மாட்டார்கள், எழுதினாலும் ஏனோதானோ என்று எழுதுவார்கள். அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு படத்தை இரண்டு பேர் சோதிப்போம். நான் பார்ப்பதைச் சொல்வேன், முனீஸ் கேட்பதைச் சொல்வாள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் ‘ஒத்துப்போகுது’ என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போவோம். வருடக்கணக்காக இப்படியே செய்து, சும்மா இருக்கும்போதுகூட எங்களுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது.

அவளுக்குச் சொந்த ஊர் கூடலூர். அப்பா கருத்தக்கண்ணனுக்குக் கொஞ்சம் நெல் வயல், கொஞ்சம் தென்னை. அம்மா மொக்கம்மாள் விடியக்காலையில் ஜீப்பேறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்த்தான் மகளை மதுரையில் விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தார். முனீஸ் பட்டம் வாங்கினாள், கம்ப்யூட்டர் கற்றாள், தேனியில் மகளிர் விடுதியில் தங்கி வேலைக்கு வந்தாள். சனிக்கிழமையானால் கூடலூர் பஸ். கூடலூர் முக்கில் ஜீப்புக்காரர்கள் அத்தனை பேருக்கும் நடுவில் ஒற்றைக் கம்பை வைத்துக்கொண்டு அவள் நடப்பதைப் பார்க்க எனக்குத்தான் பயமாக இருக்கும்.

வந்த வரன்களைப் பற்றி அவளே சொல்லிச் சிரிப்பாள். ஒருத்தருக்கு ஏற்கெனவே வீட்டில் பெண்டாட்டி இருந்தாள். இன்னொருத்தர் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் உனக்கு அரசாங்க வேலை கிடைக்குமா என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இவள் இப்படியே சிரித்துக்கொண்டிருப்பாள் போல என்று நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் டீ குடிக்கும்போது சம்பந்தமில்லாமல் சொன்னாள்.

“எனக்கும் ஆசையிருக்குக்கா. ஒரு வீட்டு வாசல்ல ஏஞ்செருப்பு கெடக்கணும். அங்கன கெடந்தா அது ஏன் வீடுன்னு எல்லாருக்கும் தெரியணும்.”

நான் கல்யாணமாகி வந்த வீட்டில் என் செருப்பு எங்கே கிடக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்தச் சித்திரையில்தான் விஜயகுமாரின் வரன் வந்தது. கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில், திராட்சைப் பந்தல்களுக்குள் பெரிய வீடு. ஏலக்காய், மிளகு வியாபாரம், மலைக்கு மேலே சொந்தத் தோட்டம். தொழில் தொழில் என்று இருந்து மகனுக்குக் கல்யாணம் தள்ளிப்போய்விட்டதாம், பொண்ணுக்குக் கண் தெரியாதது ஒரு குறையே இல்லையாம், போட்டுக்கொண்டு வர ஒரு பொட்டுத் தங்கம்கூட வேண்டாமாம். தரகர் சொன்னதைக் கேட்டு மொக்கம்மாள் அழுதுவிட்டார். மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டும் போனார். டீ கிளாஸை விளிம்போரம் பிடித்து எடுத்து, சூடு படாமல் இவள் கையில் வைத்தாராம். ‘நல்ல கொரலுக்கா’ என்று முனீஸ் என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஆவணியில் பூ வைத்து நிச்சயம் செய்வது என்று பேச்சானது.

மாப்பிள்ளையின் போட்டோவை அம்மா போனில் அனுப்பியிருந்தார். அவள் போன் அதை ‘புகைப்படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. அப்படியொரு முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் ஒரு மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, மாப்பிள்ளை வீட்டுக் கம்பெனிக்கு வெப்சைட் இருக்காம், நம்ம விளையாட்ட விளையாடுவோமா என்றாள். நான் என் திரையில் அதைத் திறந்தேன். அவள் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

முதல் படம் புது அலுவலகத் திறப்பு விழா. நான் பார்த்ததைச் சொன்னேன். பெரியவர் குத்துவிளக்கு ஏற்றுகிறார், அவர் மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறார், கணக்கர் மாதிரி ஒருத்தர் முகம் திருப்பித் தீப்பெட்டி வைத்திருக்கிறார், மாப்பிள்ளை கைகட்டி நிற்கிறார், பின்னால் திறந்த கதவு. நல்லாத்தான் இருக்காரு என்று ஒரு கிண்டலும் சேர்த்துக்கொண்டேன். ஒத்துப்போகுது என்று அவள் சொல்லவில்லை.

“கதவுகிட்ட யாருக்கா?”

யாருமில்லை என்றேன். கதவு நிலையில் கட்டியிருந்த மாவிலைகூடத் தெளிவாகத் தெரிந்தது. அவள் இயர்போனைக் கழற்றி, குரலின் வேகத்தைக் குறைத்து, வெளியே கேட்கும்படி வைத்தாள். கறுத்த திரைக்குள்ளிருந்து அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது.

“புது அலுவலகம். மாமா விளக்கு ஏற்றுகிறார்கள். அத்தை எண்ணெய்க் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். மரியராஜ் அண்ணன் தீப்பெட்டியோடு நிற்கிறார். அவுக கைகட்டி நிற்கிறார்கள். கதவோரத்தில் நிற்பது நான்.”

நான் மறுபடி பார்த்தேன். கதவோரத்தில் வெயில் விழுந்திருந்தது. வேறெதுவும் இல்லை.

அடுத்த படத்துக்குப் போனோம். மிளகு காயப்போட்ட களம். விஜயகுமார் மட்டும் தனியாக நிற்கிறார். குரல் சொன்னது, “அவுக மிளகு பார்க்கிறார்கள். பக்கத்தில் மஞ்சள் சேலையில் நான்.” நான் பக்கத்தில் பார்த்தேன், வெறும் சிமெண்டுத் தரை. அப்புறம்தான் என் கண் கீழே போனது. சாயங்கால வெயிலில் தரையில் நிழல் நீளமாக விழுந்திருந்தது. நிற்பது ஒரு ஆள். நிழல் இரண்டு.

என் கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

அதற்கடுத்தது திருவிழாப் படம். அவர் தோளுக்குப் பின்னால் தான் நிற்பதாகக் குரல் சொன்னது. அந்த இடத்தில் மட்டும் கோயில் மதிலின் காவிப்பட்டையும் வெள்ளைப்பட்டையும் ஒன்றோடொன்று சேராமல் ஒடிந்து நின்றன. கடைசிப் படம் வீட்டின் முகப்பு. “இது நம் வீடு. மாடிச் சன்னலுக்கு உள்ளே நான். கண்ணாடியில் வெயில் அடிப்பதால் தெரியமாட்டேன்.”

முனீஸ் குரலை நிறுத்தினாள். அவளுடைய முகத்தில் அன்றுதான் முதன்முதலாகப் பயத்தைப் பார்த்தேன். இந்தக் கொரலோட நான் காலேஜ்லேருந்து இருக்கேன்க்கா, ஊரு உலகத்தப் பத்தியெல்லாம் பேசியிருக்கு, ‘நான்’னு இப்படி அது தன்னையச் சொல்லிக் கேட்டதில்ல என்றாள்.

சுந்தர்ராஜைக் கூப்பிட்டோம். அவர் இரண்டு நிமிடத்தில் விஷயத்தை முடித்துவிட்டார். ஒரு ஆளைப் படத்திலிருந்து அழித்திருக்கிறார்கள், அழித்த படத்தைப் பழைய படத்தின் இடத்தில் ஏற்றியிருக்கிறார்கள், பின்னாலிருந்த ஆல்ட்டை மாற்ற மறந்துவிட்டார்கள். அது இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நம் தொழிலில் தினமும் பார்ப்பதுதான், பேயும் இல்லை பிசாசும் இல்லை, சோம்பேறித்தனம் என்றார். எனக்கு உயிர் வந்தது. நான் பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை, ஆனால் காரணம் கிடைத்தால் சோறு இறங்கும்.

முனீஸுக்கு இறங்கவில்லை. “அப்ப ஒருத்தி இருந்திருக்கா” என்றாள்.

அவள் அம்மா தரகரிடம் கேட்டார். பதில் உடனே வந்தது. அது மாப்பிள்ளை அம்மாவின் அண்ணன் மகளாம், ஒத்தாசைக்கு வந்து இருந்ததாம், இப்போது வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டதாம், வயசுப்பிள்ளை படம் நெட்டில் இருக்க வேண்டாம் என்று எடுத்துவிட்டார்களாம். அண்ணன் மகள் என்றால் அத்தை மாமா என்றுதானே சொல்லும்? மொக்கம்மாள் நம்பினார். நம்ப ஆசைப்பட்டார் என்று சொல்வதுதான் சரி. நானும் அப்படியும் இருக்கலாம் முனீஸ் என்றேன்.

அவள் என்னை உட்காரவைத்து எல்லாப் படத்தையும் மறுபடி கேட்கவைத்தாள். பெரியவர் மாமா, அவர் மனைவி அத்தை, கணக்கர் மரியராஜ் அண்ணன், தோட்டத்து வாட்ச்மேன் பேர்கூட இருக்கிறது. ஒருத்தர் பேர் மட்டும் எங்குமே வரவில்லை. அவர் வருகிற இடமெல்லாம் ‘அவுக’தான்.

“எங்கம்மா இந்த வயசு வரைக்கும் எங்கப்பா பேரச் சொன்னதில்லக்கா. ரேசன் கடையில கேட்டாக்கூட என்னயச் சொல்லச் சொல்லும். மாமன் மகளாயிருந்தா விஜயகுமார் மச்சான்னு எழுதியிருப்பா. இவ அவரு பேர எழுதவே மாட்டேங்கறா. இவ பெண்டாட்டி.”

எத்தனை கெட்டிக்கார ஸ்டூடியோக்காரனாக இருந்தாலும் ஆளைத்தான் அழிக்க முடியும், அந்தப் பெண் சொல்லாமல் விட்ட பேரை எப்படி அழிப்பான்?

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் அம்மா ஆள் அனுப்பியிருந்தார். வீடு பார்க்க வரும்போது பெண்ணையும் கூட்டி வரச் சொன்னார். கண்ணு தெரியாத பிள்ளை, வீடு காலுக்குப் பழக வேண்டும் அல்லவா என்று கேட்டாராம். அன்பான பேச்சுதான். ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் முனீஸ், அவள் அப்பா, அம்மா, நான் நாலு பேரும் போனோம். என்னை அவள் கெஞ்சிக் கூட்டிப்போனாள், எனக்கு ஒரு ஜோடிக் கண் வேணும்க்கா என்று.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆனிக் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலை முகட்டில் சாரல் கட்டியிருந்தது. கீழே பந்தல் கம்பியெல்லாம் ஊளையிட்டது. வீட்டு முன்கட்டைத்தான் இடித்துக் கட்டி அலுவலகமாக்கியிருந்தார்கள். வாசலில் நாங்கள் செருப்பைக் கழற்றினோம். முனீஸ் தன் செருப்பைக் காலாலேயே தடவிச் சேர்த்து ஓரமாக வைத்தாள். கம்பை மடித்துக் கைப்பையில் போட்டுவிட்டு உள்ளே நடந்தாள்.

அலுவலகத்துக்கு அப்பால் தெரிந்த பழைய கூடத்துச் சுவரைப் பார்த்தேன். வெளுத்த பச்சைச் சுவரில் அங்கங்கே சதுரம் சதுரமாகப் பச்சை நிறம் புதுசாக இருந்தது. வருடக்கணக்காகப் படம் மாட்டியிருந்து கழற்றிய தடம்.

எல்லாரும் நன்றாகப் பேசினார்கள். பெரியவர் மழையைப் பற்றிச் சொன்னார், விஜயகுமார் காப்பி கொண்டுவந்தார், கருத்தக்கண்ணன் எதற்கெடுத்தாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார். முனீஸ் மட்டும் உட்காரவில்லை. படத்தில் கேட்ட அந்த அறையில், யாரும் கைபிடிக்காமல், நாற்காலியில் முட்டாமல், நேராகப் போய்த் திறந்த கதவின் ஓரத்தில் சாய்ந்து நின்றாள். பெரியவர் பாதிப் பேச்சில் நிறுத்தினார். விஜயகுமார் காப்பித் தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, போன் பேசுவதுபோல் வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை.

“ஆத்தா, அங்கன நிக்காத. இங்கிட்டு வா” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“ஏன் அத்தை, இங்கன யாராச்சும் நிக்கிறாகளா?”

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனார். நானும் பின்னால் போனேன். முனீஸ் எதுவும் மறைக்காமல் கேட்டாள். இந்த வீட்டில் முதலில் ஒருத்தி இருந்தாளா, அவள் எங்கே.

“செத்துப்போயிட்டா ஆத்தா. இந்த ஆடி வந்தா வருசம். எப்படின்னு மட்டும் கேக்காத.”

ஏன் மறைத்தீர்கள் என்று நான்தான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னார். ரெண்டாந்தாரம் என்றால் யார் கொடுக்கிறார்கள், அதுவும் இந்த வீட்டுக்கு? கண்ணுள்ள பெண் வந்தால் சுவரைப் பார்ப்பாள், தடத்தைப் பார்ப்பாள், கேட்பாள். இந்தப் பிள்ளை என்றால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தோம். இதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுப்படியில் கிடந்த ஏதாவது ஒரு சாமானை எடுத்துச் சுவரில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

முனீஸ் என் கையை அழுத்தினாள். “நான் எப்படின்னு கேக்கல அத்தை. அவுக பேரு என்ன?”

அந்த அம்மா வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு குரலே இல்லாமல், “மகாலட்சுமி” என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தேன். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், என் முகத்துக்கு நேராக, திறப்பு விழாக் கல் பதித்திருந்தார்கள். வழவழப்பான கறுப்புக் கல், தங்க எழுத்து. திறந்து வைத்தவர் பெயர், அதற்குக் கீழே தேதி. இந்த வருடத்துத் தை.

நான் குனிந்தபடியே நின்றேன். மகாலட்சுமி செத்தது போன ஆடியில். அலுவலகம் கட்டித் திறந்தது அதற்குப் பிறகு வந்த தையில். அந்தத் திறப்பு விழாப் படத்தில் யாரையும் அழித்த தடம் இல்லை என்று என் கண்ணால் பார்த்திருந்தேன், மாவிலைகூடத் தெளிவாக இருந்தது. அழிப்பதற்கு அங்கே ஆளே நின்றிருக்க முடியாது. சுந்தர்ராஜ் சொன்ன காரணம் மற்றப் படங்களுக்கெல்லாம் பொருந்தியது. இந்த ஒரு படத்துக்குப் பொருந்தவில்லை.

பஸ்ஸில் முனீஸிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் அதிர்ச்சியடையவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள்.

“வாசல்ல நிக்கையில அம்புட்டுக் காத்து அடிச்சுச்சுல்லக்கா. கதவோரத்துல நின்னேன், ஒரு சொட்டுக் காத்துப் படல. கதவு தெறந்துதான இருந்துச்சு?”

திறந்துதான் இருந்தது. மேசையிலிருந்த பேப்பரெல்லாம் பறந்துகொண்டிருந்தது. அவள் சேலைத் தலைப்பு மட்டும் அசையாமல் இருந்ததை நானும் பார்த்தேன். பார்த்தபோது எனக்கு உறைக்கவில்லை.

கூடலூர் வருவதற்குள் அவள் அம்மாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். கருத்தக்கண்ணன் ‘இத விட்டா’ என்று ஆரம்பித்து, முடிக்காமல் மலையைப் பார்த்துக்கொண்டார். மொக்கம்மாள் பஸ்ஸிலேயே அழுதார். முனீஸ் அழவில்லை. திங்கள்கிழமை அலுவலகத்தில், திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கீபோர்டில் கையை வைத்த பிறகு அழுதாள். பயத்தில் இல்லை. “ஏஞ்செருப்பு அந்த வீட்டு வாசல்ல ஒரு மணி நேரம் கெடந்துச்சுல்லக்கா” என்றாள். என்னத்தைச் சொல்லித் தேற்றுவது? நானும் சேர்ந்து அழுதேன்.

அந்தக் கணக்கர் மரியராஜ் எங்கள் ஊர்க்காரர்தான் என்று அப்புறம்தான் விளங்கியது, ஒரே மாதா கோயில். ஞாயிறு பூசை முடிந்ததும் பிடித்தேன். மகாலட்சுமி இருந்தவரைக்கும் வெப்சைட்டை அந்தப் பெண்தான் பார்த்துக்கொண்டதாம். படம் ஏற்றும்போது ஒரு பெட்டியை நிரப்பச் சொல்லும், நிரப்பாவிட்டால் படம் ஏறாது, அது ரசித்து ரசித்து எழுதிக்கொண்டிருக்கும் என்றார். அது போன பிறகு படங்களை ஸ்டூடியோவில் கொடுத்துச் சுத்தம் செய்து பழைய படங்களின் இடத்தில் மாற்றியது இவர், மாற்றும்போது பெட்டி கேட்காதாம். திறப்பு விழாப் படமும் இவர் புதிதாக ஏற்றியதுதான். பெட்டியில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி வச்சா ஏத்துக்கிரும்.”

பாஸ்வேர்டு வேறு யாருக்காவது தெரியுமா என்றேன். அந்தப் புள்ள வச்ச பாஸ்வேர்டுதான், எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது, வேற ஒருத்தருக்கும் தெரியாது என்றார். சொல்லிவிட்டு ஏன் கேக்குற ஷீலா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் சும்மாதான் என்றேன். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. யார் எழுதினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பேய் இல்லை என்று சுந்தர்ராஜ் இன்னமும் சொல்கிறார். நானும் தலையாட்டுகிறேன். சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டும்போது மட்டும் முனீஸின் கறுத்த திரையை ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன்.

ஆவணி வந்தது. ஒரு நாள் காலையில் முனீஸ் என் முழங்கையைத் தொட்டாள். அவள் அந்த வெப்சைட்டை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்தேன். புதுசா ஒரு படம் இருக்குக்கா, என்ன தெரியுதுன்னு சொல்லுங்க என்றாள்.

திறந்தேன். பூ வைக்கிற விழா. விஜயகுமார் பட்டு வேட்டியில், பெரியவர், அவர் மனைவி. நடுவில் ஒரு பெண். இருபத்திரண்டு இருபத்துமூன்று இருக்கும், தலை நிறையப் பூ, கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்படியே சொன்னேன். முனீஸ் குரலை வெளியே வைத்தாள்.

“பூ வைக்கிற விழா. மாமா இருக்கிறார்கள். அத்தை இருக்கிறார்கள். அவுக பக்கத்தில் ஒரு பிள்ளை சிரிக்கிறது. அது நிற்கிற இடத்தில்தான் நான் நிற்கிறேன்.”

மரியராஜுக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். நேற்றுத்தான் அந்தப் படத்தை ஏற்றினேன், புள்ளிதான் வைத்தேன் என்றார். பெண் ஆண்டிபட்டிப் பக்கமாம், ஊர் பேரும் சொன்னார், வசதியில்லாத குடும்பமாம். கல்யாணம் வருகிற முகூர்த்தத்திலாம். முதல் சம்சாரம் விஷயம் பெண் வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

முனீஸ் இயர்போனைச் சுருட்டிப் பையில் வைத்தாள். சுந்தர்ராஜிடம் அரைநாள் லீவு சொன்னாள். கம்பை விரித்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். நமக்கெதுக்கு முனீஸ், இந்தப் பெண்ணுக்குத்தான் கண் நன்றாகத் தெரிகிறதே, போன இடத்தில் சுவரைப் பார்த்து அதுவே கேட்டுக்கொள்ளும் என்றேன். அந்த வீட்டு விஷயத்தில் இன்னொரு தடவை தலையிடுகிற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. பயமாக இருந்தது, அதைத்தான் அப்படிச் சொன்னேன்.

“செவுத்துக்கு இந்நேரம் வெள்ளையடிச்சிருப்பாகக்கா” என்றாள் முனீஸ். “அதுக்குக் கண்ணு தெரியும். அதான் எனக்குப் பயமா இருக்கு. அதுக்கு இந்தக் கொரலு கேக்காதுல்ல.”

என் பையையும் எடுத்துக்கொண்டு அவளோடு படியிறங்கினேன். ஆண்டிபட்டி பஸ் நிற்கும் இடத்துக்கு அவள்தான் முன்னால் நடந்தாள்.